தேமலும் இல்லை, தழும்பும் இல்லை

மனிதத் தோலை அச்சில் கொண்டுவருவதுதான் கலர் வேலையிலேயே கஷ்டமானது என்று வடாலா பிராசஸ்காரர்கள் சொல்வார்கள். ஆப்பிளின் சிவப்பு கொஞ்சம் ஏறினால் யாரும் கேட்கப்போவதில்லை. புடவையின் நீலம் ஒரு சாயல் இறங்கினால் கடைக்காரர் மட்டும் முணுமுணுப்பார். முகத்தின் நிறம் மாறினால் யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு வாய்த்தது அதற்கும் ஒரு படி மேலே. நம் ஊர்ப் பழுப்புத் தோலில், அந்தத் தோலைவிடக் கொஞ்சமே வெளுத்த ஒரு திட்டை அச்சிட வேண்டும். பால்போல் வெளுத்துவிட்டால் பார்ப்பவர் வெண்புள்ளி என்பார். ரோஸாகிவிட்டால் சுட்ட தழும்பு என்பார். இரண்டுமே தொழுநோய் இல்லை.

இந்த வேலைக்குள் நான் வந்தது 1980-களின் கடைசியில். ஆண்டாப் ஹில்லில் வீடு, மாலையில் தாதரில் கமர்ஷியல் ஆர்ட் வகுப்பு, பகலில் வடாலாவில் ஒரு பிராசஸ் ஹவுஸில் வேலை. நாய்காவ் கிராஸ் ரோடு பக்கம் வடாலா உத்யோக் பவன், ராயல் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் என்று மாடி மாடியாக அச்சகங்களும் பைண்டிங் கூடங்களும் இருந்தன. லிஃப்டில் ஆட்களைவிட ரீம் கட்டுகள்தான் அதிகம் ஏறி இறங்கும். சோப்பு உறை, காலண்டர், மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுக்கும் லிட்ரேச்சர், இவைதான் எங்கள் சோறு. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், எஸ்.ஐ.டபிள்யூ.எஸ். கல்லூரிக்குப் பக்கத்தில், ஆக்வர்த் தொழுநோய் மருத்துவமனை. 1890-இல் அன்றைய மாநகராட்சி ஆணையர் எச்.ஏ. ஆக்வர்த் முன்னின்று தொடங்கியது. (மராட்டியரின் போவாடாப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இதே ஆக்வர்த்தான்.) ஊருக்கு வெளியே இருக்கட்டும் என்று அன்றைக்கு ஒதுக்கிய இடத்தை ஊர் வந்து சூழ்ந்துகொண்டது. மருத்துவமனை இருக்கும் சாலைக்கு இப்போது மேஜர் பரமேஸ்வரன் பெயர். 1987-இல் இலங்கையில் உயிரிழந்து பரம்வீர் சக்ரா பெற்ற தமிழர்.

மருத்துவமனையும், 1976-இல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கி சயான் சுனாபட்டியிலிருந்து இயங்கிய பாம்பே லெப்ரசி பிராஜெக்டும் இருந்ததால், தொழுநோய் வேலை செய்பவர்கள் அந்த வட்டாரத்தில் நிறைய. அவர்களில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் ஃபிளிப் சார்ட் அடிக்க எங்களிடம் வந்தது. அதன் டாக்டர் கையில் முப்பத்தைந்து எம்.எம். ஸ்லைடு ஒன்று. ஒரு பையனின் தோள்பட்டை. ஒளிப்பெட்டிமேல் வைத்துப் பார்த்தேன். முதலில் திட்டு கண்ணில் படவே இல்லை. டாக்டர் விரலை வைத்துக் காட்டினார். அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

“இது இப்படியே வரணும் தம்பி. இதைவிட எடுப்பாவும் வேண்டாம், மங்கலாவும் வேண்டாம்” என்றார்.

கம்ப்யூட்டர் வராத காலம். எங்கள் டாட் எட்சிங் மாஸ்டர் கொங்கணத்துக்காரர். பாசிட்டிவ் ஃபிலிமை ஒளிப்பெட்டியில் விரித்து, கண்ணில் லூப்பை இடுக்கிக்கொண்டு, ஃபெரிசயனைடும் ஹைப்போவும் கலந்த தண்ணீரில் பிரஷ் நுனியைத் தொட்டு, ஃபிலிமில் இருக்கும் புள்ளிகளின் ஓரத்தை அரிக்கவைப்பார். புள்ளி சிறுத்தால் அந்த இடத்தில் மை குறையும். ஒரு நொடி கூடுதலாக விட்டால் புள்ளியே போய்விடும். உடனே தண்ணீரில் அலச வேண்டும். பழுப்புத் தோலில் மஞ்சளும் மஜெந்தாவும்தான் அதிகம். அந்தச் சிவப்பை அடக்கிவைப்பது கூடவே வரும் கொஞ்சம் சயான். திட்டு வெளுக்கட்டும் என்று சயானை மட்டும் குறைத்தால் மஜெந்தா தலைதூக்கி ரோஸ் அடிக்கும். மூன்றையும் குறைக்க வேண்டும், அதுவும் ஒரே அளவில் இல்லை. மாஸ்டருக்கு இது கையில் இருந்தது. “கிதி?” என்று மராத்தியில் என்னைக் கேட்பார், எவ்வளவு என்று. எனக்குச் சொல்லத் தெரியாது. “டாக்டர் சொன்ன அளவு” என்பேன். சிரிப்பார்.

புரூஃபில் சரியாக வந்த திட்டு மெஷினில் ஏறியதும் காணாமல் போகும். ஆர்ட் பேப்பருக்குக் காசு கிடையாது, மேப்லித்தோவில்தான் அடிப்பார்கள். அந்தக் காகிதம் மையைக் குடித்துப் புள்ளியைப் பெருக்கிவிடும். வெளுத்த இடமும் சுற்றியிருக்கும் தோலும் ஒன்றாகிவிடும். ஆகவே ஃபிலிமில் கொஞ்சம் கூடுதலாகவே அரித்துவைத்து, புரூஃபைப் பார்த்துத் திட்டு அதிகம் என்று முகம் சுளிக்கும் டாக்டரிடம் “மெஷின்ல அடங்கிடும் டாக்டர்” என்று சமாதானம் சொல்ல வேண்டும்.

இப்படி மையோடு மல்லுக்கட்டியபோதுதான் அந்த நோயின் விஞ்ஞானம் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. தொழுநோய்த் திட்டுக்கென்று தனி நிறம் கிடையாது. அந்த ஆளின் சொந்தத் தோலைவிட வெளுத்திருக்கும், சிலருக்குச் செம்பு நிறத்தில் சிவந்திருக்கும். திருநெல்வேலியிலிருந்து வந்த தாராவித் தொழிலாளியின் முதுகிலும், ரத்னகிரியிலிருந்து வந்தவரின் கையிலும் ஒரே நோய் இரண்டு நிறத்தில் இருக்கும். ஆகவே ஒரு படம் போதாது என்று வாதாடினேன். கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று மூன்று தோல்கள் கேட்டேன். செலவு கூடும் என்றார்கள். கடைசியில் இரண்டு கிடைத்தது.

இதில் இன்னொரு வம்பு உண்டு. நம் ஜனங்களுக்கு டி.வி.யும் சுவரொட்டியும் வருஷக்கணக்காகக் கற்றுக்கொடுத்த ஒரு பாடம், கறுப்பு கெடுதல், வெளுப்பு நல்லது என்பது. சிவப்பழகு கிரீம் விளம்பரத்தில் இடது பக்கம் கறுத்த முகம், வலது பக்கம் வெளுத்த முகம். அந்தப் பழக்கத்தில் இருக்கும் கண்ணுக்கு, வெளுத்த இடம்தான் நோய் என்று காட்ட வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, கூட்டு மருந்துச் சிகிச்சையில் இருக்கும் குளோஃபாசிமின் மாத்திரை தோலைக் கறுக்கவைக்கும். சிகிச்சை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். சிகிச்சைக்கு முன்பு, சிகிச்சையின்போது, சிகிச்சைக்குப் பிறகு என்று மூன்று முகங்களை வரிசையாகப் போட்டால், நடுவில் இருக்கும் கறுத்த முகத்தைப் பார்த்து “மருந்து சாப்பிட்டா இப்படி ஆயிருமா?” என்றுதான் பெண்கள் கேட்டார்கள். கிரீம் கம்பெனிகள் எனக்கு நேரில் எந்தக் கெடுதலும் செய்ததில்லை. ஆனாலும் என் தொழிலில் அவர்களைவிடப் பெரிய எதிரியை நான் பார்த்ததில்லை.

நிறமாவது கெமிக்கலால் சரிப்படும். உண்மையான சிக்கல் அடுத்த பக்கத்தில் இருந்தது. “திட்டில் உணர்ச்சி இருக்காது” என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். இல்லாத ஒன்றை எப்படி வரைவது?

வலியை வரையலாம். சுளித்த முகம், பறக்கும் நட்சத்திரம், சிவப்புக் கோடு. காமிக்ஸ் பார்த்த பிள்ளைகளுக்கு எல்லாம் புரியும். வலி இல்லாததற்கு அப்படி ஒரு குறி கிடையாது. திட்டின்மேல் இறகு வரைந்து பெருக்கல் குறி போட்டுக் காட்டினால், இறகு பட்டால் நோய் வரும் என்று படித்தார்கள். ஊசி வரைந்தால் ஊசி போடுவார்கள் என்று பயந்தார்கள். படத்தில் பெருக்கல் குறி என்றால் ‘கூடாது’ என்று அர்த்தம் கொள்வது பள்ளிக்கூடம் போனவர்களின் பழக்கம். தப்புக் கணக்கின்மேல் வாத்தியார் போடுவதைப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

அப்போது பீடி படம் ஒன்று வரைந்தேன். நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் விரலிடுக்கில் பீடி அடிவரை எரிந்து, சதையைத் தொட்டுவிட்டது. புகை விரலிலிருந்தே வருகிறது. பக்கத்தில் இருப்பவன் அதைப் பார்த்துத் திடுக்கிடுகிறான். அவரோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். உணர்ச்சியின்மைக்கு அந்தச் சிரிப்பைவிட நல்ல குறி எனக்கு இன்றுவரை அகப்படவில்லை. எங்கள் தெருவில் காட்டியதும் ஒரு பெரியவர், “ஏலே, சூடு தெரியாமலா சிரிக்கான்?” என்றார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

டாக்டர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஆளுக்கு நோய் எப்பவோ நரம்புக்குப் போயாச்சு. எனக்கு இவரு வேண்டாம். திட்டு மட்டும் இருக்கிற பையன் வேணும்.”

அந்த ஒரு பேச்சுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நோயில் வரைவதற்கு வாகானதெல்லாம் பிந்தி வருபவை. மடங்கிய விரல், புண்ணான பாதம், உட்கார்ந்த மூக்கு. கண்ணை இழுக்கும், மனதில் நிற்கும், பரிசும் வாங்கித் தரும். ஆரம்பத்தில் வருவதோ வலிக்காத, அரிக்காத, தேமல்போல ஒரு வெளுப்பு. படக்காரனுக்கு அதில் ஒன்றுமே இல்லை. டாக்டருக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் பிடித்தால் மடங்கிய விரலே வராது. அதற்கு முன்பு நான் பார்த்த தொழுநோய்ப் போஸ்டர்கள் பெரும்பாலும் அழுகிய கையைக் காட்டிப் பயமுறுத்தின. அதைப் பார்த்தவன் தன் முதுகில் இருக்கும் தேமலை அந்தக் கையோடு சேர்த்து யோசிக்கவே மாட்டான். யோசித்தால் சட்டையைப் போட்டு மூடிக்கொள்வான். பழைய மருத்துவப் புத்தகங்களில் நோயாளியின் கண்மேல் கறுப்புப் பட்டை ஒட்டியிருப்பார்கள். அடையாளம் தெரியக் கூடாதென்ற நல்லெண்ணம்தான். பார்ப்பவனுக்கு என்னவோ போலீஸ் ஸ்டேஷன் படம்போல இருக்கும். எதிர்ப் பக்கத்தில் காந்தி படம். சேவாகிராமில் தொழுநோயாளியான பர்ச்சுரே சாஸ்திரிக்கு அவர் பணிவிடை செய்யும் புகைப்படம், தொழுநோய் பற்றிய எந்தச் சுவரிலும் இருக்கும். அதைப் பார்த்தால் இரக்கம் வரும், வர வேண்டியதுதான். ஆனால் திட்டைக் கண்டால் என்ன செய்வது என்று அந்தப் படம் சொல்லாது.

டாக்டர் கேட்ட பையனை வரைய, சோதனை செய்யும் இடத்துக்கே போனேன். லெப்ரசி பாராமெடிக்கல் ஒர்க்கர் ஒருவர், விருதுநகர்ப் பக்கத்துக்காரர், என்னைத் தாராவிக்குள் அழைத்துப்போனார். அவர் கருவி ஒரு பால்பாயின்ட் பேனா. முதலில் நல்ல தோலில் லேசாகத் தொட்டுக் காட்டுவார். “இப்போ கண்ணை மூடிக்கோ. எங்கே தொடுறேனோ அங்கே விரலை வை.” பையன் வைப்பான். மறுபடி தொடுவார், மறுபடி சரியாக வைப்பான். அடுத்து பேனா திட்டுக்குப் போகும். பையன் கண்ணை மூடியபடியே காத்திருப்பான். “தொடுங்க” என்பான்.

அந்தத் ‘தொடுங்க’வைத்தான் வரைய வேண்டும். இரண்டு கட்டங்கள். இரண்டிலும் அதே பையன், மூடிய கண், அதே பேனா. முதல் கட்டத்தில் பேனா நல்ல தோலில், அவன் விரல் அதே இடத்தில். இரண்டாவதில் பேனா திட்டில், அவன் விரல் அந்தரத்தில். மற்றதெல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரே டிரேசிங்கிலிருந்து இரண்டையும் எடுத்தேன். சட்டையின் மடிப்பு மாறினால்கூட, மாறியது அதுதான் என்று பார்ப்பவர் அங்கே போய்விடுவார்.

கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். உருது படிக்கும் வீடுகளில் அது திரும்பிவிட்டது. அவர்கள் கண் வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தது: முதலில் உணர்ச்சியில்லை, அப்புறம் உணர்ச்சி வந்துவிட்டது, மருந்து வேலை செய்திருக்கிறது! தர்க்கம் பழுதில்லை. படிக்கவே தெரியாத பெண்கள் நடுவில் எங்காவது ஆரம்பித்தார்கள். இரண்டு கட்டங்களையும் மேலும் கீழுமாக அடுக்கியதும் சிக்கல் தீர்ந்தது. மேலிருந்து கீழே வருவதில் எந்த மொழிக்கும் தகராறு இல்லை. பிறகு ஒருநாள், டயானா ஃபஸ்ஸலும் ஆனெ ஹாலந்தும் நேபாளக் கிராமங்களில் யுனிசெஃபுக்காகச் செய்து 1976-இல் வெளியிட்ட ஆய்வு கையில் கிடைத்தது. படங்களை வரிசையாகச் சேர்த்துப் பார்ப்பதும், குறிகளைப் படிப்பதும், படத்தை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வதுமே கற்றுக்கொண்டு வரும் பழக்கங்கள் என்று அதில் விளக்கமாக இருந்தது. தாராவிச் சந்துகளில் அடிபட்டுத் தெரிந்துகொண்டதை அச்சில் பார்த்தபோது ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

பவாய் ஐ.ஐ.டி.யில் 1969-இலிருந்து டிசைன் பள்ளி ஒன்று இருக்கிறது, ஐ.டி.சி. அங்கே படித்த நண்பர் வியன்னாவின் ஓட்டோ நியூராத் உருவாக்கிய ஐசோடைப் படங்களைக் காட்டினார். ஒரு பொம்மை என்றால் இத்தனை ஆயிரம் பேர் என்று வரிசை வரிசையாக நிற்கும். எண்ணிக்கையைக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. தோலுக்கு உதவாது. பொம்மைக்குத் தோல் கிடையாதே.

டாக்டர்களோடு எனக்கு ஓயாத சண்டை ஒன்று ‘இருக்கலாம்’ பற்றி. எல்லா வகைத் தொழுநோயிலும் திட்டில் உணர்ச்சி போய்விடாது. கிருமி நிறைய உள்ள வகையில் உணர்ச்சி இருந்தும் நோய் இருக்கலாம். உடம்பில் கிருமி புகுந்து நோய் தெரிய ஐந்து வருஷம் ஆகலாம், இருபது வருஷமும் ஆகலாம். விஞ்ஞானத்தில் முக்கால்வாசி இந்த ‘லாம்’தான். படத்தில் அதற்கு இடமில்லை. வரைந்துவிட்டால் அது ‘உண்டு’ ஆகிவிடும். ஃபிளிப் சார்ட்டின் பின்பக்கம் இதற்கு வழிசெய்தது. ஜனங்கள் பக்கம் படம், ஒர்க்கர் பக்கம் அவர் சொல்ல வேண்டியவை. ‘லாம்’ எல்லாவற்றையும் பின்பக்கத்துக்கு அனுப்பினேன். இதனால் ஒர்க்கரின் வாய் படத்தின் பாதியாகிவிட்டது. அவரில்லாமல் சுவரில் ஒட்டினால் என் படம் அரைகுறைதான். ஐந்து வருஷத்தை மட்டும் எப்படியோ வரைந்தேன். அரை டிராயர் பையன், முழுக்கால் சட்டைப் பையன், அவன் தோளில் திட்டு. கிருமி பன்னிரண்டு, பதினான்கு நாளைக்கு ஒருமுறைதான் இரண்டாகிறது என்று டாக்டர் சொன்ன நாளில், அந்த மந்தத்தை வரைய ஆசைப்பட்டுத் தாள் தாளாகக் கிழித்தேன். அந்தப் பக்கம் கடைசிவரை அச்சாகவில்லை. கிருமியையும் நான் பெரிதாக வரைவதில்லை. கொசுவை ஆள் உயரத்துக்கு வரைந்தால் ‘எங்க ஊர்க் கொசு இத்துனூண்டுதான்’ என்று ஜனங்கள் நிம்மதியாகப் போய்விடுவார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்லும் கதை.

இந்தத் துறையில் நான் பார்த்த மிகச் சிறந்த டிசைன் எந்தப் போஸ்டரும் இல்லை. மாத்திரை அட்டை. டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் சேர்ந்த கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. அது பிறகு 28 நாள் அட்டையாக வந்தது. கிருமி நிறைய உள்ளவர்களில் பெரியவருக்குச் சிவப்பு அட்டை, பிள்ளைகளுக்கு மஞ்சள். கிருமி குறைந்தவர்களுக்குப் பச்சையும் நீலமும். மாதத்துக்கு ஒருமுறை ஒர்க்கர் கண்முன்னால் விழுங்க வேண்டியது தனியாக நிற்கும், மற்ற நாட்களுக்கானது கீழே வரிசையாக. முதல் வகைக்குப் பன்னிரண்டு அட்டை, இரண்டாவதற்கு ஆறு. எழுத்தே தெரியாத அம்மாளிடம் காலி அட்டையை வாங்கிப் பார்த்தால் எந்த நாள் தவறியது என்று குழி சொல்லிவிடும். அதில் அம்புக்குறி இல்லை, முகம் இல்லை, பயம் இல்லை. நான் செய்தது அட்டையோடு கொடுக்கும் சின்னச் சீட்டு மட்டும். ரிஃபாம்பிசின் சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவக்கும், பயப்பட வேண்டாம் என்று. அதை வரைவது எப்படி என்று யோசிக்கும்போது ஆபீஸில் எல்லாரும் நெளிந்தார்கள். ஒரு கண்ணாடிப் பாட்டில், அதில் செம்மஞ்சள் நிறம், பக்கத்தில் சிவப்புக் கேப்சூல். புரிந்துகொள்ளாதவர் யாருமில்லை.

2005 டிசம்பரில் இந்தியாவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டதாகக் கணக்குச் சொல்லியதும், இந்த வேலைக்குக் காசு வருவது குறைந்தது. நோய் அப்படிக் குறைந்துவிடவில்லை. இன்றைக்கும் வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் புதிய நோயாளிகள் இந்தியாவில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். உலகக் கணக்கில் பாதிக்கு மேல். 2017-இல் ஸ்பர்ஷ் என்ற தொழுநோய் விழிப்புணர்வு இயக்கம் ஆரம்பித்து, சப்னா என்ற பள்ளிச் சிறுமியைப் படத்தில் பேசவைத்தார்கள். நோயாளியைக் காட்டாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

டாட் எட்சிங் போய் போட்டோஷாப் வந்தது. இப்போது படம் வருவது வாட்ஸாப்பில். ஒர்க்கர்கள் போனில் எடுத்து டாக்டருக்கு அனுப்புகிறார்கள், நானும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். போனின் பியூட்டி மோடு கன்னத்தில் பருவை அழிப்பதுபோல் திட்டையும் அழித்துவிடுகிறது. மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால் தோலும் திட்டும் ஒரே நிறம். நேர் ஃபிளாஷில் எல்லாமே வெள்ளை. ஆகவே அவர்களிடம் சொல்வது இவ்வளவுதான். பியூட்டியை அணையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னலோரம், பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நிற்கச் சொல்லுங்கள். திட்டோடு சேர்த்து அதைச் சுற்றியுள்ள நல்ல தோலையும் கையகலத்துக்காவது எடுங்கள். பக்கத்தில் வெள்ளைக் காகிதம் ஒரு துண்டு பிடியுங்கள், நிறத்தை நாங்கள் அதிலிருந்து சரிபார்த்துக்கொள்வோம். படத்தில் முகம் வர வேண்டாம். அனுப்புவதற்கு முன்னால் பேனாவால் தொட்டுப் பார்த்து, என்ன சொன்னார் என்று எழுதி அனுப்புங்கள். அதை எந்த போனாலும் படம் எடுக்க முடியாது.